தாழ் போடாத கதவு

நவ்காவ்கர் சாருக்கு மைசூரில் வீடு கிடைத்ததற்குக் காரணம் அவர் கறி சாப்பிடாததுதான். கிருஷ்ணமூர்த்திபுரத்து வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி சைவக் குடும்பங்களுக்கு மட்டுமே வாடகைக்கு விடுவார். "கறி கிறி சாப்பிடுவீங்களா?" என்று அவர் கேட்டார். "இல்லை" என்றார் சார். அது உண்மை. யூதர்கள் தங்கள் முறைப்படி அறுத்த இறைச்சியைத்தான் சாப்பிட வேண்டும். அப்படி அறுக்கத் தெரிந்த ஆள் மைசூரில் இல்லை. நஞ்சுண்டசாமி காரணம் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பெயர் 'கர்' என்று முடிந்ததால் மராட்டியப் பிராமணர் என்று தெருவே முடிவு செய்துகொண்டது.

பினஹாஸ் நவ்காவ்கர் கொங்கணக் கரையிலிருந்து வந்த பெனே இஸ்ரவேல் யூதர். அம்பத்தூரில் பல வருஷம் டூல் ரூமில் வேலை பார்த்தார். பிறகு இங்கே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனிக்கு மேற்பார்வையாளராக வந்தார். சேரும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள், வர மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். இதில் தனக்கு லாபமா நஷ்டமா என்று முதலாளிக்குப் புரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டார். ஞாயிறுகளில் அந்தக் கம்பெனியில் சாரும் வாட்ச்மேனும் மட்டும் இருப்பார்கள்.

அவருடைய பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுத்தேன். அவர்கள் வாசலுக்கு எதிர்ச்சந்தில் எங்கள் ஷீட் வீடு. அப்பா வேலாயுதம் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த கட்டட மேஸ்திரி. நான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வங்கித் தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது சாரின் மனைவி சிப்போரா ஆன்ட்டிதான். வீட்டுக்குள் அவர்களுக்கு மராட்டி. எங்களோடு அம்பத்தூர்த் தமிழ்.

சனிக்கிழமை டியூஷன் கிடையாது என்ற நினைவில்லாமல் ஒருமுறை போய்விட்டேன். சின்னவள் லேயா புத்தகத்தைத் திறந்தாள். பென்சிலைத் தொடவில்லை.

"எழுதல?"

"இன்னிக்கு எழுத மாட்டேன்க்கா. வாயால சொல்றேன்."

"எழுதக்கூடாதுன்னு அப்பா சொன்னாரா?"

"பாபா எதுவும் சொல்ல மாட்டாரு. அவரு எழுத மாட்டாரு. அவ்ளோதான்."

பிள்ளை வளர்ப்பில் சாரின் முறை முழுவதும் அதுதான். அவர் செய்வார், பிள்ளைகள் பார்ப்பார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அது உறுத்தியது. என் அப்பா தினமும் "படி, படி" என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார். அவர் புத்தகம் தொட்டு நான் பார்த்ததில்லை. அவரைப் பார்த்து வளர்ந்திருந்தால் இந்நேரம் நான் கலவை போட்டுக்கொண்டிருப்பேன். இதை ஒருநாள் சாரிடமே சொன்னேன். அவர், "டீ குடிக்கிறியா தாரணி?" என்றார்.

வருஷத்தில் ஒருநாள் அவர்கள் வீட்டுக் கதவு அடைபடும். பாவமன்னிப்பு கேட்கும் நாள். முந்தின நாள் சூரியன் மறையும்போது கதவைச் சாத்தினால், மறுநாள் இருட்டி வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை திறக்க மாட்டார்கள். எல்லோரும் வெள்ளை உடுத்தி, சோறு தண்ணீர் இல்லாமல், வெளியாள் முகம் பார்க்காமல் ஜெபம் செய்வார்கள். அவர்களுடைய காலண்டரும் சந்திரனைப் பார்த்து நடப்பதால் அந்த நாள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தொண்ணூற்றேழில் அது விஜயதசமியன்று வந்து நின்றது. போதாததற்கு அது சனிக்கிழமை.

மூத்தவன் ரூபேனுக்குப் பதினான்கு வயது. பதிமூன்று முடிந்துவிட்டால் விரதம் அவர்கள் கணக்கில் கட்டாயம். அந்த வருஷம்தான் அவன் பள்ளி பேண்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்தான். தசரா ஊர்வலம் முடிந்த பிறகு பன்னிமண்டப மைதானத்தில் நடக்கும் தீப்பந்த அணிவகுப்புக்கு அந்த பேண்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவன் யூனிஃபார்மையும் டிரம்மையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தான்.

"வீட்ல வச்சா பாபா தினம் அதைப் பாக்கறாருக்கா. பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போறாரு. தாங்க முடியல."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சார் ஊசி நூலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். யூனிஃபார்ம் சட்டையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். பின்னாலேயே ஆன்ட்டி வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பட்டன் தொங்குது. வழியில விழுந்துரும்."

"போகாதேன்னு சொல்ல வாய் வரல, பட்டன் தைக்க மட்டும் கை வருதா?"

"அவனுக்குத் தெரியும் சிப்போரா."

"தெரிஞ்சா ஏன் டிரம்மைக் கழுத்துல மாட்டிட்டு அலையறான்?"

சார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இந்த வருஷம் தாழ் போடப் போறதில்ல. சும்மா சாத்தி வைக்கிறேன்."

"எதுக்கு?"

"தாழ் போட்டா அவனா இருந்தானா, நாம அடைச்சு வச்சோமான்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியவே வேண்டாம். பையன் உள்ள இருந்தா போதும்."

என் பக்கம் திரும்பி, "நீ படிச்ச பொண்ணு, நீயாவது சொல்லேன்" என்றார் ஆன்ட்டி. நான் டீ வைக்கப் போனேன்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் யானை பார்க்க விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். தெருவே காலி. நான் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அது திறந்தது. வெள்ளை பைஜாமாவில் ரூபேன் படியில் நின்றான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கதவைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து உடை மாற்றினான்.

"அப்பா பாத்தாரா?"

"சுவரைப் பாத்து நின்னு ஜெபம் பண்ணிட்டு இருந்தாரு. திரும்பல." டிரம்மை எடுத்தான். "ஆனா கதவு திறந்ததும் நிறுத்திட்டாரு."

தடுப்பதா, வாழ்த்துவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் சந்து தாண்டிவிட்டான்.

கதவடைத்த நாளுக்கு மறுநாள் அக்கம்பக்கத்தாரைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அன்று ஞாயிறு. சார் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தார். சோமாசி மாதிரி ஒரு பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நால்வரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆன்ட்டி மகன் பக்கம் திரும்பவே இல்லை. சார் ராத்திரி தூங்கியிருக்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

அப்பா ஒன்றும் அறியாமல் ஆரம்பித்தார். "ஏனுங் சார், பையனுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"ஏன் மேஸ்திரி?"

"நேத்து வெளிச்சத்துலயே மைதானத்துல எடம் புடிக்கப் போயிருந்தமுங்க. பேண்டு பசங்களுக்கு புளியோகரைப் பொட்டலம் குடுத்தாங்க. இவன் வாங்கிப் பக்கத்துப் பையங்கிட்டக் குடுத்துட்டான். தண்ணியாச்சும் குடி சாமின்னு பாட்டிலை நீட்டுனேன், வேண்டாங்கறான். ஒதடு வெடிச்சுக் கெடக்குது. இருட்டுனதும் வானத்தையே அண்ணாந்து பாத்துட்டு நின்னான். அப்பறம் அவனா வந்து பாட்டிலைப் புடுங்கி முழுசும் குடிச்சுப்போட்டான். வீட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?"

ஆன்ட்டி தட்டைக் கீழே வைத்தார்.

"ஏண்டா, நேத்திலேர்ந்து திட்டிட்டு இருக்கேன். விரதம் இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"பாபா என்னிக்கு சொல்லியிருக்காரு?" என்றான் ரூபேன்.

சார் தொண்டையைச் செருமினார். "அடுத்த வருஷம் வீட்ல இரு."

"சரி பாபா."

சார் இன்னும் எதையோ எதிர்பார்த்தவர் போல நின்றார். "அவ்வளவுதானா?"

"இந்த வருஷமும் சொல்லியிருந்தா இருந்திருப்பேன். நீங்க பட்டன் தைச்சு வச்சிருந்தீங்க. போன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். இருந்தாலும் கூப்பிடுவீங்களோன்னு படியில நின்னு பாத்தேன்."

ஆன்ட்டி கணவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் சாருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அப்பா ஒரு சோமாசியை எடுத்துக் கடித்து, நல்லா இருக்குதுங்க என்றார்.

அன்று சாயங்காலம்வரை சார் வீட்டில் மகனிடம் பேசிக்கொண்டே இருந்தார். சந்துவரை கேட்டது. மராட்டி என்பதால் எனக்கு விளங்கவில்லை. நடுநடுவே ரூபேனின் "ஹோ பாபா, ஹோ பாபா" மட்டும் கேட்டது. சரி என்று அர்த்தமாம். திங்கட்கிழமை சார் கம்பெனிக்குக் கிளம்பும்போது தொண்டை கட்டியிருந்தது. வணக்கம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார்.