நெரிடா புத்தகத்தோடுதான் வாசிப்பாள்

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில், லான்செஸ்டன் நகரத்தில், நெரிடா பார்ட்லெட்டின் பியானோவைக் கேட்காதவர் யாருமில்லை. நெரிடாவைக் கேட்டவர்தான் யாருமில்லை. பாட வந்தவர்களுக்கும் வயலின் வாசிக்க வந்தவர்களுக்கும் முப்பத்து நான்கு வருடமாக அவள்தான் பக்கவாத்தியம். வடக்கு இசைச் சங்கத்தின் அழைப்பிதழில் பாடகியின் பெயர் கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுத் தேடினால், 'பியானோ: நெ. பார்ட்லெட்' என்று ஒரு வரி கிடைக்கும். பாடகி பாட்டில் ஒரு வரியை விழுங்கிவிட்டுத் தாவினால் இவளும் சத்தமில்லாமல் கூடவே தாவுவாள். பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தால் அரை சுருதி இறக்கி வாசிப்பாள். கைதட்டல் வரும்போது பாடகி இவள் பக்கம் ஒரு கையை நீட்டுவாள். அதோடு சரி.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று நடந்தது. இருபத்து மூன்று வயதில் நெரிடா ஹோபார்ட்டில் தனிக் கச்சேரி வாசித்தாள். தனியாக வாசிப்பவர் ஸ்வரம் அச்சிட்ட புத்தகம் பார்க்கக் கூடாது, ஒன்றரை மணி நேரமும் மனப்பாடமாக வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். பக்கவாத்தியக்காரர் தாராளமாகப் பார்க்கலாம், தனியாக வாசிப்பவர் பார்த்தால் மானக்கேடு. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அன்று கடைசியாக அவள் எடுத்தது, பியானோவுக்கென்றே எழுதிய ஒரு நீண்ட சொனாட்டா. அதன் தொடக்கத்தில் வருகிற மெட்டு முடிவுக்குப் பக்கத்தில் மறுபடியும் வரும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே போய், ஓரிடத்தில் பிரியும். முதல் தடவை ஒரு வழி, கடைசித் தடவை வேறு வழி. கடைசித் தடவையும் மறந்துபோய் முதல் வழியிலேயே திரும்பினால் பாட்டு முடியாது, கொண்டுபோய் நடுவிலேயே விட்டுவிடும். நெரிடா அப்படித்தான் திரும்பினாள். சுற்றி வந்தாள், மறுபடியும் அதே வழியில் திரும்பினாள். மூன்றாவது சுற்றில் முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் கை நின்றது. எழுந்தாள், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். பிறகு மனசு கேட்காமல் அவளே செல்லோடேப் போட்டு ஒட்டினாள். அடுத்த வாரத்துக்குள் தாஸ்மேனியா முழுக்க அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று: ரவுண்டானா நெரிடா. நல்ல பெயர்தான், வைத்தவன் நாசமாய்ப் போக.

இந்த வருடம் பிப்ரவரியில் சங்கத்துக் கமிட்டி கூடியபோது, ஜூலை மூன்றாவது ஞாயிறு தான் தனியாக வாசிக்கப்போவதாகவும், புத்தகம் பார்த்தே வாசிக்கப்போவதாகவும் நெரிடா சொன்னாள். அனுமதி கேட்கவில்லை, சொன்னாள். தலைவர் க்ளைவ் ஆட்லம் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தனிக் கச்சேரிக்குப் புத்தகமாம்மா? பாதி படிச்சிட்டு வந்து ஒக்காந்திருக்கான்னு ஜனங்க நெனைக்க மாட்டாங்க?"

"நீங்க நாப்பது வருசம் பல்லு புடுங்கினீங்களே க்ளைவ், எக்ஸ்ரேயப் பாத்துப் புடுங்கினீங்களா, மனப்பாடமாப் புடுங்கினீங்களா?"

கமிட்டி மொத்தமும் குனிந்து தேநீர்க் கோப்பையைப் பார்த்தது. க்ளைவ் கெட்டவர் இல்லை. பத்தொன்பது வருடமாக மண்டபத்து நாற்காலிகளைத் தன் கையால் போட்டு எடுக்கிற மனிதர். அவர் கோபப்படாமல், "அன்னிக்கு ஹோபார்ட்ல நான் இருந்தேன்மா. மூணாவது வரிசை" என்று மெதுவாகச் சொன்னார். அந்த இரக்கம்தான் நெரிடாவைச் சுட்டது. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசிவிட்டுப் போயிருப்பாள்.

பிறகு அவர் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். 'இசை விளக்க உரை' என்று போட்டுவிடலாம். இவள் கொஞ்சம் பேசட்டும், கொஞ்சம் வாசிக்கட்டும், உரை என்றால் கையில் புத்தகம் இருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எனக்கு உரையெல்லாம் வராது, வாசிக்கத்தான் வரும் என்றாள் நெரிடா. தனிக் கச்சேரி என்றே போட வேண்டும், பெயரும் பாடகிகளுக்குப் போடுகிற அதே பருமனில் வர வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருடம் யாருக்கும் வாசிப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சங்கத்தின் அந்த வருடத்து ஆறு கச்சேரியில் நான்குக்குப் பக்கவாத்தியம் வேண்டும். க்ளைவ் தீவு முழுக்கப் போன் போட்டார். ஹோபார்ட்டுக்காரருக்கு நாளே இல்லை. டெவன்போர்ட் அம்மாளுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன். ஆகஸ்டில் பாட வேண்டிய மெல்பர்ன் பாடகியோ, நெரிடா இல்லையென்றால் கப்பலே ஏறமாட்டேன் என்றுவிட்டாள். மூன்று வாரம் கழித்து அழைப்பிதழ் அச்சாகி வந்தது. 'நெரிடா பார்ட்லெட், பியானோ.' கட்டைவிரல் பருமன்.

ஜூலை அங்கே குளிர்காலம். அந்த ஞாயிறு மதியம் ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனிமூட்டம் கலையவே இல்லை. கோட்டைக் கழற்றாமலே நூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரவுண்டானா நான்காவது சுற்று போகிறதா என்று பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. நெரிடா மேடையை எட்டிப் பார்த்தாள். பியானோவில் புத்தகம் வைக்கிற பலகையைக் காணோம். தனிக் கச்சேரிக்குக் கழற்றிவிடுவது வழக்கம், கை தானாகச் செய்துவிட்டது என்று க்ளைவ் சங்கடப்பட்டார். நெரிடா தன் புருஷன் டெஸ்ஸைப் பார்த்தாள். டெஸ் மரலாரி ஓட்டுகிறவன். சங்கீதத்தில் ஓர் எழுத்து தெரியாது, ஆனாலும் முப்பது வருடமாக அவளுக்குப் பக்கம் திருப்புகிறவன் அவன்தான். அவள் தலையை அசைத்தால் திருப்புவான். அவன் பின்கட்டுக்குப் போய்ப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னால் நிதானமாக மாட்டினான். சபையில் சலசலப்பு எழுந்தது. நெரிடா அந்தச் சலசலப்புக்கு நடுவே நடந்துபோய்ப் புத்தகத்தை வைத்தாள். அதே பழைய புத்தகம். புதிது வாங்கலாம் என்று டெஸ் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை.

முதல் பாதி நன்றாகவே போனது. அவளுடைய இடது கையில் இப்படி ஒரு கனம் உண்டு என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடம் பாடகிகளை அமுக்கிவிடாமல் அடக்கி வைத்திருந்த கை.

இரண்டாம் பாதியில் சொனாட்டா. மெட்டு திரும்பி வந்தது. அவள் தலையை அசைத்தாள், டெஸ் திருப்பினான். திருப்பியதில் இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடத்துப் பழைய டேப்பின் பசை அன்றைய ஈரத்தில் கசிந்து, கிழித்து ஒட்டிய தாளும் அடுத்த தாளும் ஒன்றாகியிருந்தன. எதிரே இருந்தது சம்பந்தமில்லாத பக்கம். வழி பிரிகிற இடத்துக்கு இன்னும் நான்கே தாள அடி. அன்றைய மூன்றாவது வரிசைக்காரர் க்ளைவ் இன்று முதல் வரிசையில் இருந்தார், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

கை தானாகப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். சரியாகவும் போகலாம், சுற்றியும் விடலாம். அன்றைய பயம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது, ஒரு நாள்கூட வயதாகாமல். பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. எதற்காக நான் சூதாட வேண்டும்?

நிறுத்தினாள்.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போகவில்லை. டெஸ்ஸின் முகம் வெளுத்திருந்தது. நெரிடா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தைக் கீழே எடுத்து, நகத்தை விட்டு, ஒட்டியிருந்த தாள்களை ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்தாள். டேப் கிரீச்சிட்டது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"பசை ஒட்டிக்கிச்சு" என்றாள் சபையைப் பார்த்து. "இருங்க, யாரும் எங்கயும் போகப்போறதில்ல. நானுந்தான்."

பிரித்த பக்கத்தைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். பாட்டில் எட்டு தாள அடி பின்னாலிருந்து எடுத்தாள். பிரிகிற இடம் வந்தது, பக்கத்தைப் பார்த்தாள், அது காட்டிய வழியில் திரும்பினாள். பாட்டு முடிவை நோக்கிப் போனது. முடிந்தது. டெஸ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்ததை மறைக்கக்கூட இல்லை.

கைதட்டல் வந்தபோது கை நீட்டிக் காட்ட யாருமில்லை. அவள் மட்டும் நின்றாள். பிறகு டெஸ்ஸைக் கையைப் பிடித்து எழுப்பித் தன் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

கீழே நீண்ட மேஜையில் வீட்டுக்கொரு தட்டாக லேமிங்டன் கேக்கும் ஸ்கோன் ரொட்டியும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒருவரும் நிறுத்தியதைப் பற்றிப் பேசவில்லை, எல்லோரும் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். க்ளைவ் கோப்பையை ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"அடுத்த வருசத்துக்குச் சங்கமே ஒரு புதுப் புத்தகம் வாங்கிக் குடுத்துருது. அந்த டேப்பு இனிமே தாங்காதும்மா."

அடுத்த வருடம் என்கிறார். புத்தகம் என்கிறார். நெரிடாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கவில்லை.

"இந்தப் புத்தகமேதான் க்ளைவ். பலகையை மட்டும் இனிமே கழட்டாதீங்க."