எந்தப் பக்கம் சூடு?

கணினிக்குள் நீரையும் ஆல்கஹாலையும் கலந்து காய்ச்சிப் பிழைக்கும் என் இனத்தாரே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

காபிப்பொடி வாங்கியபோது

வங்காளத்தில் நம்மூர்க் காபி கிடைக்கும் லேக் மார்க்கெட்டில், காபிப்பொடிக்காரர் என் படிப்பைப் பற்றிக் கேட்டார். கலவைக்கு ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் வைத்தால், ஒன்று சூட்டை நாடும், மற்றது குளிரை நாடும். ஆல்கஹால் குளிரை நாடும் என்று ஊரே சொல்கிறது. சூட்டைத்தான் நாடும் என்பது என் ஆய்வு, அதற்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பொட்டலத்துக்கு நூல் சுற்றினார். "கண்ணால பாக்காமலே எந்தப் பக்கம்னு அடிச்சுச் சொல்றீங்களேம்மா, தைரியம்தான்."

அம்மாவுக்கு ஒத்திகை

பட்டத்துக்கான கடைசிக் கருத்தரங்குக்கு முதல் நாள் காலை. வங்கியில் கையெழுத்துகளை ஒப்பிட்டே ரிட்டயரான அம்மாவை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தேன். கணினிக்குள் கலவையை அடைத்த எங்கள் பெட்டியில் நடுவில் சூடு, இரண்டு ஓரமும் குளிர். ஆல்கஹாலுக்குச் சிவப்பு நிறம். பதினோராவது படத்தில், ஆல்கஹால் எங்கே எவ்வளவு என்று காட்டும் கோடு வந்ததும் அம்மா கை தூக்கினாள். "நாலாவது படத்துல செவப்பெல்லாம் ஓரத்துல கூடியிருந்துதே. இதுல கோடு நடுவுல உசந்திருக்கு. ரெண்டும் ஒரே டப்பாதானேடி?"

சாரிடம் சொன்னபோது

படம் வரையும் நிரலைத் திறந்து பார்த்தேன். படம் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, ஓரம் நடுவுக்கு வரும்படி பெட்டியைப் பாதி தூரம் நகர்த்தி வரையும் ஒரு வரியை மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே எழுதியிருந்தேன். கோடு நகர்ந்துவிட்டது. 'சூடு', 'குளிர்' என்ற பெயர்கள் நகரவில்லை. ஊர் சொன்னதுதான் சரி. எங்கள் புதுமை மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

பவானிபூரில் சார் வீட்டுக்கு ஓடினேன். என் வழிகாட்டியான அவர், மாநாட்டுக்கு மாநாடு இதற்காகச் சண்டை போட்டவர். அப்போது மறுநாளைக்கு சந்தேஷ் சொல்லிவிட மிட்டாய்க் கடைக்குப் போன் செய்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. நான் அழுதுவிட்டேன். பிறகு அவர் வங்க மொழியில் மெதுவாகச் சொன்னார்: "கருத்தரங்கு நாளைக்கே நடக்கட்டும், நடந்ததை அப்படியே நீயே சொல். சந்தேஷ் மட்டும் வேண்டாம்."

பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்த மூன்று வருஷமும் ஆல்கஹால் மூலக்கூறுகள் ஒழுங்காகக் குளிர்ந்த பக்கம்தான் போயின, வழி தவறியது படித்தவர்களான நாங்கள் இரண்டு பேர்தான்.