கிச்சடி அக்காவிடம் சொன்ன பொய்

கிச்சடி அக்கா நேற்று இறந்துவிட்டார்.

காலையில் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ வந்தது. கீழே அன்னபுஷ்பம் என்று போட்டிருந்தது. அக்காவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது இன்றைக்குத்தான் தெரியும்.

தாராவியில் என்னோடு தமிழ் மீடியம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மதியம் ஸ்கூலில் கிச்சடி போடுவார்.

மூன்றாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் கனகா என்று ஒருத்தி இருந்தாள். இருந்தாள் என்றால்... நிஜத்தில் இல்லை. நாங்களே உண்டாக்கியவள். கடைசி பெஞ்சில் என் பக்கத்து இடம் காலி, அங்கே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டோம்.

அவளுக்குப் பிறந்தநாள்கூடக் கொண்டாடினோம். அவளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் வகுப்பே மெதுவாகப் பேசியது. அவள் மேல் உட்கார்ந்துவிட்டான் என்று ஒரு பையனிடம் இரண்டு நாள் யாரும் பேசவில்லை.

அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. கனகாவுக்கும் ஒரு தட்டு வைத்தார்.

நான் வகுப்பில் வாயே திறக்க மாட்டேன். பசித்தாலும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க வராது. அக்கா கரண்டியோடு என் முன்னால் வந்து நிற்பார்.

"ஏட்டி, ஒன் சேக்காளிக்குப் போதுமாமா? கேட்டுச் சொல்லு."

பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வேணுமாம்" என்பேன்.

"அவ நல்லாத் திங்கா. நீதான் நோஞ்சான்."

அந்தத் தட்டையும் நான்தான் காலி செய்வேன்.

ஒருநாள் ஒரு சார் செக்கிங் வந்தார். ஆள் இல்லாத இடத்தில் தட்டு எதற்கு என்று இந்தியில் கேட்டார்.

கனகா ஊருக்குப் போயிருக்கிறாள், கோயில் கொடைத் திருவிழா என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். எங்களில் யார் வராவிட்டாலும் அதுதானே காரணம்...

ஊருக்குப் போனவளுக்கு இங்கே ஏன் சாப்பாடு என்றார் சார்.

அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார். "ஆ ரஹீ ஹை சாப். காடி லேட் ஹை."

வந்துகொண்டிருக்கிறாளாம். ரயில் லேட்டாம்.

அப்படி ஒரு வகுப்பு. இல்லாத ஒருத்தியை இத்தனை பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டோம். வேலை செய்யும்போது இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஏழாவதோடு நான் நின்றுவிட்டேன். அம்மாவுக்கு முடியாமல் போனது, தம்பி சின்னவன். இப்போது ஒரு கார்கானாவில் தைத்த சட்டைகளுக்கு நூல் வெட்டுகிறேன்.

போன வருடம் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன்.

"என்னட்டி, இப்படி வளந்துட்ட. இப்போ எத்தனாங்கிளாஸ்?"

"பத்தாவது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவிடம், "எங்க ஸ்கூல் பிள்ள" என்றார். "ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வந்து சொல்லணும், என்ன?" பஸ் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, வரணும் வரணும் என்றார்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டுச் சந்துப் பக்கமே நான் போகவில்லை. கார்கானாவுக்குச் சுற்றித்தான் போனேன். தினமும்.

இன்று போனேன். அக்காவின் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீதான பத்தாவது படிச்ச பிள்ள? அம்மா ரெண்டு மூணு தடவ கேட்டாவ, அவ வந்தாளான்னு."

நிறையப் பேர் இருந்தார்கள்... தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா, நான் பத்தாவது எழுதவில்லை. எட்டாவதுக்கே போகவில்லை.

நேரில் சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பீர்கள். அந்தத் திட்டு வேண்டும்போல இருக்கிறது.

போய் வாங்க அக்கா.