மண்டபத்தில் அடிக்க விடாத தப்பு

அவள் கயானாக்காரி. தென் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் என்னோடு ஒரே வார்டில் தாதியாக இருக்கிறாள். 'கானாவா?' என்று கேட்கும் நோயாளிகளுக்கு, தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் நாடு என்று சலிக்காமல் சொல்வாள். அவளுடைய முன்னோர் சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள். அவளுக்கு ஒரு கைப்பிடித் தமிழ்ச் சொற்கள்தான் தெரியும். அவ்வளவும் மாரியம்மனிடம் பேசுகிற சொற்கள்.

நோர்பரியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 'உலகமெங்கும் தமிழர்' என்று விழா வைத்தார்கள். இவளைக் கூப்பிடலாமா என்று கேட்டபோது நிர்வாகக் குழுத் தலைவர் மிகவும் சந்தோஷப்பட்டார். லீவு கிடைக்காமல் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தாள் அவள்.

பிள்ளைகளுக்குத் திரையில் படம் காட்டி, ஆங்கிலத்தில் பேசினாள். கடலைவிடத் தாழ்ந்த கரை, அலையைத் தடுக்கும் நீண்ட சுவர், அந்த ஒடுங்கிய கரையிலேயே நெருக்கியடித்து வாழும் சனங்கள். அவர்களுக்குப் பின்னால் முடிவில்லாத மழைக்காடு. பால் விடாத தேநீர் நிறத்தில் ஓடும் ஆறுகள். மாட்டுச் சாணம் போல நாறும் ஒரு பறவைதான் தங்கள் தேசியப் பறவை என்றதும் மண்டபம் சிரித்தது. அதன் குஞ்சுக்குச் சிறகில் நகம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மரம் ஏறும் என்றாள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "வளர்ந்த பிறகு நகம் என்னவாகும்?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன் அவள் பையிலிருந்து தப்பை எடுத்து மேசையில் வைத்தாள். தகப்பனிடம் பழகிய வாத்தியம். மண்டபத்தில் நெருப்பு மூட்ட முடியாதென்று, தோலைச் சூடாக்கி முறுக்கேற்றத் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டுத் தோலுக்கு நேரே பிடித்தாள்.

தலைவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"தங்கச்சி, உது பறையெல்லோ?"

"ஓம் அண்ணை. அவை தப்பு எண்டு சொல்லுவினம்."

"சாவீட்டு மேளத்தைப் பிள்ளையளுக்கு முன்னால அடிக்கிறதோ? உள்ள வைக்கச் சொல்லுங்கோ."

"அவைக்கு அது கோயில் மேளம். அம்மனுக்கு அடிக்கிறது."

"எங்கட ஆக்கள் உதைத் தொடமாட்டினம். இவை என்ன ஆக்களோ, ஆருக்குத் தெரியும்?"

என்ன ஆக்கள்! தோல் நிறத்தைப் பார்த்துத் தனக்கு வாடகைக்கு அறை தர மறுத்த வெள்ளைக்காரனின் கதையை ஒவ்வொரு விழாவிலும் கண்கலங்கச் சொல்கிற மனிதர் இவர். அகதியாக வந்தபோது எதை விட்டுவிட்டு வந்தாலும் இந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று அவள் மேசையடியில் நின்றபடியே கேட்டாள்.

பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"எங்கள் தோட்டத்துத் துரைமாருக்கும் இந்தச் சத்தம் பிடிக்காதாம். அவர்கள் விரட்ட விரட்ட எங்கள் ஆட்கள் அடித்தார்கள். ஒரு தமிழர் விரட்டுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள், நேராக அவரைப் பார்த்து.

தலைவருக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் விளங்காதவர் போல மைக்கை எடுத்து, "சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்கோ" என்று அறிவித்தார்.

"அண்ணை, அவ இன்னும் முடிக்கேல்ல!" என்று நான் கத்தினேன். "கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்திறியளே, வெக்கமாயில்லையோ? உந்தப் பிள்ளையளில எத்தினை பேர் வீட்டில தமிழ் கதைக்கினம்? அவ்வளவு தூரம் கப்பலில கொண்டுபோன சாமியை இவவின்ர ஆக்கள் இன்னும் விடேல்ல. அவையிட்டச் சாதி கேக்கிறியள்!"

கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. அத்தனை பெற்றோரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் போய் நின்றார்கள்.

என் காரில் வரும்போது அவள் அழவில்லை. "அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேனே" என்று மட்டும் சொன்னாள். வளர வளர அந்த நகங்கள் விழுந்துவிடுமாம்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. அந்த வாரம் முழுவதும் என் போன் அடித்தபடி இருந்தது. "நீங்கள் கேட்டது சரி அக்கா, எங்களுக்கும் மனவருத்தம்தான்" என்றார்கள் பெற்றோர் பலர். அவர்கள் எல்லோரும் அன்றைக்கு அந்த மண்டபத்தில்தான் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். "உதை அங்கயே சொல்லியிருக்கலாமே" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.