கால் முதலாகப் பிறந்தவரின் கைகள்

பேத்திக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வருகிற உபாதை. தொம்மலூரில் கையாலேயே சிகிச்சை செய்கிற ஆஸ்டியோபதிக்காரர் ஒருவர் இருப்பதாக மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். துணைக்கு நான் போனேன். நுழைந்ததும் நான்கு பக்கச் சம்மதப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். அந்த இடம் திறந்த நாளிலிருந்து அதை முழுக்கப் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மூன்றாம் பக்கத்தில் ஒரே விஷயத்துக்கு இரண்டு கையெழுத்து கேட்டிருந்தார்கள். சுட்டிக்காட்டினேன்.

"பரவால்ல ஆன்ட்டி, ரெண்டும் போட்ருங்க" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவள் நான். போட்டேன்.

ஆஸ்டியோபதிக்காரர் ஓர் இளைஞர். பேத்தியை மல்லாக்கப் படுக்க வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் அவள் பிடரிக்கு அடியில் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுத்தவில்லை, திருகவில்லை. கிணற்றுக்குள் இருந்து ஏதோ சத்தம் வருமா என்று காத்திருப்பவர்போல இருந்தது அவர் முகம். கொஞ்ச நேரத்தில் பேத்தி தூங்கிப்போனாள். ஜன்னல் திரை மெல்ல உப்பியது, அடங்கியது. நான் அந்த நாற்காலியில் இல்லை. பன்னிரண்டு வயதில், இதே நகரத்து நீலசந்திராவில், எங்கள் ஓட்டு வீட்டுத் தரையில் படுத்திருந்தேன்.

அப்பா ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எழுத்தில் இல்லாத எதுவும் நடக்கவில்லை என்பது அவருடைய மதம். அலுவலகத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட மேஜை ஒன்று வீட்டில் இருந்தது. அதன் காலில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எண் அழியவில்லை. ஆகவே அது அப்பாவுக்கு இன்னும் அரசாங்கச் சொத்துதான். குழந்தைகள் அதில் முழங்கை ஊன்றக் கூடாது. ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு நான் தகரப் பெட்டியின்மேல் புத்தகத்தை விரித்து, இரண்டு மாதம் குனிந்தே படித்தேன்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில் எழுந்தால் தலை இடப்பக்கம் திரும்பி நின்றுவிட்டது. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் முழு உடம்பையும் வண்டி திருப்புவதுபோலத் திருப்பினேன். குனிய முடியவில்லை, குனியாமல் எப்படி எழுதுவது? அம்மா தலையணையை வெயிலில் போட்டாள், உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். அப்பா சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். டாக்டர் மாத்திரையும் ஒரு வார ஓய்வும் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை அப்பா மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பரீட்சைக்கு வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்ற விதி, எண்ணோடு அவருக்கு மனப்பாடம்.

மிச்சமிருந்தது சித்தப்பா.

அப்பாவின் தம்பியான அவர் கால் முதலாகப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நடை பழகிய நாளிலிருந்து தெருவே அவருடைய காலுக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தது. வளர்ந்த பிறகு காலை விட்டுக் கைக்கு வந்தார். ஒரு ஃபுட்பால் டீமில் ஆட்டக்காரர்களுக்கு உருவிவிடுகிற வேலை. அந்த வருடம் ஏனோ வேலைக்குப் போகாமல் இருந்தார். சீசன் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள், நான் நம்பினேன். நடந்தது வேறு. கோல்கீப்பர் பையனின் கழுத்தைச் சித்தப்பா ஒரு திருப்பு திருப்பியிருக்கிறார். பையன் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். அதற்குப் பிறகு சித்தப்பா யார் மேலும் கை வைக்கவில்லை. இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்து அம்மா சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவரிடம் அம்மாதான் கேட்டாள்.

"ஒரு தடவ பாருங்களேன் தம்பி. புதன்கிழமை பரீட்சை."

சித்தப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "கால் வேணா வைக்கிறேன் அண்ணி. கை வேணாம்."

"கழுத்து மேல காலா? அவ என்ன ஃபுட்பாலா?"

சித்தப்பா சிரிக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. தெருவில் போகிறவனுக்கெல்லாம் முட்டி உருவியவர், சொந்த அண்ணன் மகளுக்கு ராங்கி பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

அப்பா மேஜைக்குப் போய் உட்கார்ந்தார், ஒரு முழுத்தாளை எடுத்தார், மார்ஜினுக்கு மடித்தார், எழுதத் தொடங்கினார். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது மனுஷன் மனு எழுதுகிறாரே என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தது. எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நின்றபடி வாசித்தார். தன் மகளின் கழுத்துக்குத் தன் தம்பி கை வைப்பது தன் வேண்டுகோளின் பேரில். எது நேர்ந்தாலும் பொறுப்பு முழுவதும் தன்னுடையது, அவனுடையது அல்ல.

"புடி. பத்திரமா வெச்சிக்கோ" என்று சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

என்னைப் பாயில் படுக்க வைத்து, தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கண்ண மூடிக்க பாப்பா. நான் சொல்ற வரைக்கும் தெறக்கக் கூடாது." கடைசியாக நான் பார்த்தது கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி ஓடு. அதன் வழியாக விழுந்த வெயில் கட்டம் என் முழங்காலில் இருந்தது.

பிடரிக்குக் கீழே இரண்டு கைகள் வந்தன. ஈரமும் வின்டர்கிரீன் தைல வாசனையும். அவை ஒன்றும் செய்யவில்லை, என் தலையின் கனத்தை வாங்கிக்கொண்டன, அவ்வளவுதான். ஆனால் அவற்றுக்குள் ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ரயில் போகும்போது தண்டவாளத்தில் காதை வைத்ததுபோல. அந்த நடுக்கம் என் கழுத்துக்குள் இறங்கியது, முதுகுக்குப் போனது. மசூதியில் பாங்கு சொன்னார்கள். யாரோ கன்னடத்தில் கீரை விற்றுக்கொண்டு போனார்கள், குரல் தெருமுனை திரும்பி மெலிந்தது. தலை உடம்பை விட்டுக் கழன்று, ஏரியில் விட்ட சொம்புபோல மிதந்து போனது. அதை யாரும் துரத்தவில்லை.

விழித்தபோது வெயில் கட்டம் சுவரில் ஏறியிருந்தது. கைகள் அதே இடத்தில் இருந்தன. நடுக்கம் மட்டும் நின்றிருந்தது. நான் தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தேன். அங்கே அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, இனிமே அவ கீழ குனிஞ்சு படிக்க வேணாம். அந்த மேஜையக் குடு" என்றார் சித்தப்பா.

அப்பா மறுபேச்சு இல்லாமல் எழுந்து கோப்புகளை அகற்றினார். சித்தப்பா அடுத்த வாரம் டீமுக்குத் திரும்பிப் போனார். எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அதற்கும் கழுத்துக்கும் தொடர்பு உண்டென்று எந்தக் கோப்பிலும் ஆதாரம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அப்பாவின் கடுதாசியைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அந்தப் புதன்கிழமைப் பரீட்சைக்கு முந்தின நாள் கழுத்து லேசாக வலித்தபோது அம்மாவைத்தான் கூப்பிட்டேன். அவள் கை வைத்தாள். அது அசையாமல் கிடந்தது.

"சித்தப்பா மாதிரி நடுங்க வைம்மா" என்றேன். "அதுதான் வைத்தியம்."