கண்டியில் கை நனைத்த நாள்

அக்கா கண்டி டவுனுக்குள் கால் வைத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கலஹா பஸ்ஸில் பேராதனை வரை வருவாள். ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. மருந்து எடுத்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அதற்கு அந்தப் பக்கம் போகமாட்டாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பரா. மலையில் பக்கத்து நிரை. சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் கொழுந்து எடுத்தோம். புருஷன் இறந்த பிறகு கொஞ்சக் காலம் கண்டியில் ஒரு துணிக்கடை வீட்டில் சமையலுக்கு இருந்தாள். கீழே கடை, மேலே வீடு. எண்பத்து மூன்று கலவரத்தில், தமிழர் கடை என்று நெருப்பு வைத்தார்கள். பின்படியால் இறங்கி ஓடினாள். பக்கத்து பேக்கரிக்காரர், சிங்கள ஆள், மா மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பிறகு அகதி கேம்ப். பிறகு தோட்டம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் மகளுக்குக் கண்டியில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. பையனுக்கு டவுனில் வேலை, டவுனில் வீடு. மகளுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்துக்கு வந்து சாப்பிட்டுப் போய்விட்டார்கள். இனிப் பெண்வீட்டார் அங்கே போய்க் கை நனைக்க வேண்டும். அவர்கள் சோற்றில் கை வைத்தால்தான் சம்பந்தம் உறுதி. நாள் குறிக்கலாம். தகப்பன் இல்லாத பிள்ளை. அக்காதான் போக வேண்டும்.

இரண்டு தடவை நாள் சொன்னார்கள். இரண்டு தடவையும் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஆள் அனுப்பிவிட்டாள். எங்கள் வீட்டுச் சோறு அவர்களுக்கு ஆகாதாக்கும், தை முடியட்டும், அதற்குள் வராவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தாள். அதில் தப்பு இல்லை. அவளுக்கு விஷயம் தெரியாது. பிள்ளை அழவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

மதினிதான் வழி சொன்னாள். மதினி என் அண்ணன் பெண்சாதி. வாய் அதிகம். கை அதைவிட வேகம்.

"கண்டிக்குப் போறோம்னு நெனக்காதீங்க. சுத்திப் பாக்கப் போறோம். வெள்ளக்காரன் கப்பலேறி வர்றான் இந்தத் தீவப் பாக்க. நாம இங்கயே பொறந்து பேராதனப் பூந்தோட்டத்தக்கூடப் பாக்கல. நல்லா திம்போம், பாப்போம். டவுனுக்கு வந்தா வாங்க. இல்லாட்டி பேராதனையோட திரும்பிருவோம்."

அக்கா, பார்ப்போம் என்றாள். அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மழை விட்டிருந்தது. மூவரும் நல்ல சீலை கட்டியிருந்தோம். நான் ரொட்டியும் சம்பலும் கட்டி எடுத்தேன். மதினி திட்டினாள். மலையிலும் ரொட்டி, சுற்றப் போனாலும் ரொட்டியா என்றாள். பேராதனை வருமுன் பாதியை அவளே தின்றுவிட்டாள்.

பூந்தோட்டம் பெரிது. இரண்டு பக்கமும் பனை மாதிரி மரங்கள், உயரமாக, கோடு போட்டது போல நின்றன. மூங்கில் என் இடுப்புப் பருமன் இருந்தது. ஒரு மரம் முழுக்க வௌவால் தொங்கியது. மரத்தடிக்கு மரத்தடி குடை விரித்து ஜோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மதினி ஒரு குடைக்குள் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். என்ன என்று கேட்டேன். படிக்கிற பிள்ளைகள், தொந்தரவு செய்யாதே என்றாள்.

வாசலில் வாங்கிய அன்னாசியை உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்றோம். சாறு முழங்கை வரை ஒழுகியது. அக்கா இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றாள். அவள் சிரித்து நான் பார்த்துக் கனகாலம்.

ஓரிடத்தில் தேயிலைச் செடி இருந்தது. கவ்வாத்து வெட்டாமல் மரமாக வளர விட்டிருந்தார்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது. இப்படியா செடி வைப்பது என்று மதினி குறை சொன்னாள். தாழ்ந்த கிளையில் கொழுந்து நன்றாக வந்திருந்தது. நாங்கள் பேசிக்கொண்டே நின்றோம். அக்காவின் கை போய்விட்டது. இரண்டு இலை, ஒரு மொட்டு. இரண்டு இலை, ஒரு மொட்டு. கை நிறைந்தது. தோளுக்கு மேலே பின்னால் வீசினாள், கூடைக்குள் போடுவது போல.

முதுகில் கூடை இல்லை. பின்னால் ஒரு சிங்கள அம்மா நின்றார். வெள்ளைச் சீலை, கொண்டை. கொழுந்து முழுக்க அவர் முகத்தில் விழுந்தது.

காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். அது எந்த நேரம் என்று தெரியும்தானே. பஸ்ஸில் குண்டு, கடையில் குண்டு என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த காலம். மூன்று தமிழ்ப் பொம்பளைகள், கையில் பை, எதையோ வீசியிருக்கிறார்கள். என்ன வீசினாய் என்று கேட்டான். மதினிக்கே பேச்சு நின்றது. அவளுக்குப் பேச்சு நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா பேசினாள். சிங்களத்தில். கடைவீதிச் சிங்களம், தடங்கல் இல்லாமல் வந்தது. எங்கள் வேலை கொழுந்து எடுப்பது, கை தானாகப் போய்விட்டது, கூடை இல்லை என்பதை மறந்துவிட்டேன், அம்மா மன்னிக்க வேண்டும் என்றாள். எனக்கு விளங்கியது அவ்வளவு. அவளுக்கு இத்தனை சிங்களம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அந்த அம்மா கொண்டையில் சிக்கிய கொழுந்தை எடுத்துப் பார்த்தார். சிரித்துவிட்டார். பரவாயில்லை, விடு என்று காவல்காரனுக்குச் சொன்னார். அவன் எங்களை முறைத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இங்கே கொழுந்து நிறுவை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு அக்காவே சிரித்தாள். அந்த அம்மா தன் பையிலிருந்து கொக்கிஸ் எடுத்துக் கொடுத்தார். பூப் போல எண்ணெயில் பொரித்த பலகாரம். மொறுமொறுவென்று இருந்தது. நின்ற இடத்திலேயே தின்றோம்.

வாசலுக்கு வந்தோம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் வீட்டுக்குப் பஸ். அந்தப் பக்கம் நின்றால் கண்டிக்கு. அக்கா சீலையைச் சரி செய்தாள். வாகனம் போகும் வரை பொறுத்திருந்து ரோட்டைக் கடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

பாலத்தடியில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பையைத் துழாவினார்கள். என் பையில் மிச்ச ரொட்டி. ஒருவன் பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து, மூடிக் கொடுத்தான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகும் விடவில்லை.

டவுனில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். மதினி இறங்கினாள். அக்கா எழும்பவில்லை. கம்பியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். கொண்டக்டர் இறங்கச் சொன்னான். பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். நான் மனதுக்குள் திரும்பிப் போகிற கணக்குக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.

மதினி டவுனுக்கு வந்ததே இரண்டு மூன்று தடவைதான். நாங்கள் பின்னால் வருகிறோம் என்று நினைத்துச் சனத்தோடு சனமாக நடந்தாள். ஜன்னலில் தெரிந்தது. பை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், லாரிகள் திரும்புகிற இடத்துக்கு நேராகப் போனாள்.

அக்கா ஜன்னலால் தலையை நீட்டினாள்.

"ஏ புள்ள, அந்தப் பக்கம் இல்ல. அங்க எங்க போற? நில்லு."

மதினிக்குக் கேட்கவில்லை. அக்கா என் கையை உதறிவிட்டு எழும்பி, கொண்டக்டரை இடித்துக்கொண்டு இறங்கி ஓடினாள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்த்தால் அக்கா மதினியின் முந்தானையைப் பிடித்து இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கண் எங்கே இருக்கிறது, இது என்ன உன் லயத்து வாசலா என்றாள். திட்டி முடித்த பிறகுதான் சுற்றிப் பார்த்தாள். டவுனுக்கு நடுவில் நின்றாள்.

வேண்டுமென்றுதான் அப்படிப் போனேன் என்று மதினி பிறகு எல்லாரிடமும் சொன்னாள். நாங்கள் நம்பவில்லை.

அதன் பிறகு அக்காதான் முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால். ஒரு முஸ்லிம் ஆளின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். கொத்து ரொட்டி அடிக்கிற சத்தத்தில் பேச முடியவில்லை. கோழிக்கொத்து. ஆவி பறந்தது. குழம்பு ஊற்றித் தின்றோம். வியர்த்துக் கொட்டியது. இனிப்புக்கு வட்டிலப்பமும் ஒன்று வாங்கி மூன்றாகப் பகிர்ந்தோம். பகிர்ந்தது போதவில்லை. இன்னொன்று வாங்கினோம்.

வாவிக்குப் போனோம். மதிலில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டோம். மீன் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்தது. அந்தக் கரையில் புத்தரின் பல் வைத்த மாளிகைக் கோயில் கூரை தெரிந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட சனம் தாமரைப் பூவோடு போய்க்கொண்டிருந்தது. காற்று நன்றாக இருந்தது. உட்கார்ந்து ஓய்ந்திருப்பது எங்களுக்குப் பழக்கம் இல்லை. அன்று இருந்தோம்.

மாப்பிள்ளை வீடு ரயில் பாதைக்கு மேலே மேட்டில் இருந்தது. அங்கே போக அந்தத் துணிக்கடைத் தெருவைத் தாண்ட வேண்டும். அக்காவுக்கு அது தெரியும். அதனால் எழும்புவோமா என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம், இன்னும் ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்றாள். செவ்விளநீர் குடித்தோம். மாங்காய் அச்சாறு தின்றோம். பிறகு சட்டித் தயிரும், மேலே ஊற்ற இனிப்புக் கித்துள் பாணியும். தயிர் கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. பாணி புகை மணத்தது. மதினி சட்டியை வழித்தாள்.

"அக்கா, இனி ஒண்ணு தின்னா நான் வெடிச்சிருவேன். ஆமிக்காரன் நம்மளத்தான் புடிப்பான்" என்றாள் மதினி.

அக்கா எழும்பினாள்.

தெருவில் பாதி தூரம் தலையைக் குனிந்து நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். அங்கே இப்போது செருப்புக் கடை இருந்தது. புதுக் கட்டடம், கண்ணாடி போட்டது. பின்படி இந்தப் பக்கம் இருந்தது என்று சுவரைக் காட்டினாள். சுவர் பூசியிருந்தது. பக்கத்தில் பேக்கரி அப்படியே இருந்தது. உள்ளே இளம் ஆள் ஒருவன் நின்றான். அக்கா அவனிடம் பெரியவரைக் கேட்டாள். அப்பா இரண்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார் என்றான். அக்கா தலையை ஆட்டினாள். ஒரு கேக் வாங்கினாள், மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் பார்க்காதது போல நின்றோம்.

மேடு ஏறினோம். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் துணியைக் கீழே போடவில்லை. பிழிந்து முடித்துக் கொடியில் போட்டாள்.

"வழி தெரிஞ்சிச்சாக்கும்" என்றாள்.

"வழி எப்பவும் தெரியும். காலுதான் வரல" என்றாள் அக்கா. கீழே தெரிந்த கூரைகளைக் காட்டி, "கலவரத்தப்போ அந்தக் கடைக்கு மேலதான் இருந்தேன்" என்றாள்.

அந்த அம்மா கூரைகளைப் பார்த்தாள். அன்று ரயில் பாதை ஓரப் புதர்ப் பற்றைக்குள் பிள்ளைகளோடு படுத்திருந்தோம் என்று சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

உள்ளே போனதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். முகம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறக்கும். நல்ல காரியத்தை அதற்குள் முடிக்க வேண்டும். சமைக்க நேரம் இல்லை.

"சொல்லி அனுப்பிருந்தா கோழி அடிச்சிருப்பேனே" என்றாள்.

"சொல்லி அனுப்பிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

மத்தியானச் சோறு இருந்தது. ஆறிப்போயிருந்தது. கருவாட்டுக் குழம்பு, பருப்பு, ஒரு துண்டு அப்பளம். தட்டில் மலை போலப் போட்டாள். அக்காவின் வயிற்றில் என்ன என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அக்கா கை கழுவினாள். கையை உதறாமல் ஈரத்தோடு சோற்றில் வைத்தாள். பிசைந்தாள். முதல் கவளம் இறங்க நேரம் எடுத்தது. இரண்டாவது கொஞ்சம் சீக்கிரம். மாப்பிள்ளைப் பையன் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். அக்காவைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வெளியே போய் நின்றான். தட்டு காலியானது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க, சம்பந்தி."

அந்த அம்மா பானையில் இருந்த சோற்றையும் போட்டாள். குழம்புச் சட்டியை வழித்து ஊற்றினாள். எங்களுக்கும் தட்டு வைத்தாள். மதினி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூடிய சோறு இல்லை அது. சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டு முடித்தபோது ராகு காலம் பிறக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் பங்குனியில் ஒரு நாளைப் பேசி முடித்தார்கள். பிறகு அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பால் போடாமல் ஒரு பிளேன்டீ கிடைக்குமா என்று கேட்டாள்.