அம்மா போட்ட கோடுகள்

தண்ணீர் விஷயத்தில் என் அம்மாவுக்குக் கை தாராளம். வாசல் கழுவ ஒரு குடம், கழுவிய வாசலைத் தெளிக்க இன்னொரு குடம். நானோ நகரக் குடிநீர் அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர். ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்கிறவள் வீட்டுச் சாக்கடைதான் எப்போதும் ஓடுகிறது என்று கிண்டல் செய்வேன். உடனே இன்னும் ஒரு சொம்பு சேர்த்து ஊற்றுவாள். நெல்லித்தோப்பு வீட்டில் நாங்கள் இருவர்தான். மில்லில் வேலை பார்த்த அப்பா எப்போதோ போய்விட்டார்.

கடற்கரைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புக் கரிக்க ஆரம்பித்ததும், ஒரு வீடு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீரில் வாழ வேண்டும் என்று இலக்கு வைக்கும் வேலை எங்களிடம் வந்தது. பல வீடுகளில் மீட்டரே ஓடவில்லை. ஆகவே மேலதிகாரி சுருக்கு வழி சொன்னார். அவரும் நாங்கள் ஐந்து பேரும் அவரவர் வீட்டில் ஒரு வாரம் அளந்து வர வேண்டும். பகலில் நான் வீட்டில் இருப்பதில்லை என்பதால், செலவாகும் ஒவ்வொரு குடத்துக்கும் அடுக்களைக் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போடும்படி அம்மாவிடம் சொன்னேன்.

வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்து அசந்துபோனேன். ஆறு வீடுகளில் எங்கள் வீடுதான் மிகக் குறைவு. அதை ஒட்டியே இலக்கு தீர்மானமானது. மாலையில் தண்ணீர் விடும் நேரம் பாதியானது. அந்த உத்தரவை எழுதியவள் நான்தான். அன்றைக்கு அல்வா வாங்கிப் போனேன். தின்றுகொண்டே, நம்ம வீடுதான் ஃபர்ஸ்ட்டா என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். கதவுக் கோடுகளை நான் பெருமைக்காக அழிக்காமலே வைத்திருந்தேன்.

மறு வருஷம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு அலச வேண்டியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் அலுவலகத்தில் இருக்கையில் பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்காகப் பிடித்து வைக்கும் தண்ணீர் இரண்டு விரிப்புக்கே தீர்ந்துவிடும். எங்கள் சந்துக்குள் தண்ணீர் லாரியும் நுழையாது. ஒரு மாலை, அலுவலகக் களைப்பில் வாயை விட்டேன்.

"இன்னிக்கி இது மூணாவதும்மா. தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

அதற்குப் பிறகு அம்மாவின் தலைமாட்டு டம்ளரில் தண்ணீர் குறையவே இல்லை. கேட்டால் தாகமில்லை என்பாள். வயதானால் அப்படித்தான் என்று நானும் இருந்துவிட்டேன். தண்ணீரைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அது உறைக்கவில்லை. இதை எழுதும்போதும் என்னை அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மயங்கிக் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

குளுக்கோஸ் ஏறிய பிறகு கண் திறந்தாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"குடிச்சா நனைச்சிடுறேன். நீ எங்கடி போவ தண்ணிக்கு?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கோடு போடச் சொன்னியே, அந்த வாரம் நான் குளிக்கவே இல்ல. துணியெல்லாம் மூட்ட கட்டி வெச்சிட்டேன். எம்பொண்ணு வூடுதான் கம்மியா இருக்கணும்னு."

மறுநாள் அலுவலகம் போய், அந்த எண் பொய் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அளந்த வாரம் தன் மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போயிருந்ததாக மெதுவாகச் சொன்னார். அடுத்த ஆய்வில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

அம்மா அதுவரை இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் மதியம் போய்விட்டாள். அன்று மாலை உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டத் தயாரானபோது குழாய் நின்றிருந்தது. நான் எழுதிய நேரப்படிதான் நின்றது. தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடமாகத் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊற்ற ஊற்ற, என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். போதும் என்று பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா ஒரு வாரம் குளிக்கவே இல்லக்கா," என்றேன். "இன்னொரு குடம் குடுங்க."